கட்வைலின் மருந்துக் குடிலில் எட்டு மாதம்

வசநாவி என்ற நச்சுக் கிழங்கின் பெயரை என் அப்பா சத்தமாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. வேலூர் லாங் பஜாரில் எங்களுக்கு ஒரு சின்ன நாட்டு மருந்துக் கடை இருந்தது. சுக்கு, திப்பிலி, கடுக்காய் எல்லாம் வாசலிலேயே சாக்கில் இருக்கும். வசநாவி மட்டும் உள்ளே மேல்தட்டில், பூட்டுப் போட்ட தகரப் பெட்டியில். சாவி அப்பாவின் அரைஞாண் கயிற்றில் தொங்கும். நச்சு போகச் சுத்தி செய்யாத கிழங்கு ஒரு குன்றிமணி எடைகூட அந்தக் கடைப்படியைத் தாண்டியதில்லை. தெரிந்த வைத்தியர் வந்து கேட்டால்கூட, "யாருக்கு, எதுக்கு, எவ்ளோ?" என்று மூன்றும் கேட்ட பிறகுதான் பெட்டி திறக்கும்.

அந்த வசநாவியின் ஐரோப்பிய உடன்பிறப்பின் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு நாவல் இருக்கிறது. 'மங்க்ஸ் ஹூட்', எல்லிஸ் பீட்டர்ஸ் எழுதியது, 1980-ல் வந்தது. இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்ற ஊர், 12-ஆம் நூற்றாண்டு, ஒரு மடம். அந்த மடத்தின் மூலிகைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் கட்வைல் என்ற துறவி, மூட்டுவலியால் அவதிப்படும் கிழவர்களுக்காக அந்தக் கிழங்கில் ஒரு தைலம் காய்ச்சி வைத்திருக்கிறார். மேலே தடவத்தான். அதில் கொஞ்சம் யாரோ ஒருவரின் சாப்பாட்டில் கலந்துவிடுகிறது. மடத்து விருந்தாளி ஒருவர் சாகக் கிடக்கிறார் என்று ஓடிப்போன துறவி, அவர் உதட்டை முகர்ந்து பார்த்ததும் தெரிந்துகொள்கிறார், இது நான் காய்ச்சிய தைலம் என்று. அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். 31 வருடம் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்த்தவள் நான். நம் கையால் கொடுத்த மருந்து தப்பான இடத்துக்குப் போய்விட்டதோ என்ற அந்தப் பயத்தைக் கதையில் இவ்வளவு சரியாக யாரும் எழுதி நான் படித்ததில்லை.

நான் மருந்தாளுநர் வேலைக்கான டி.பார்ம் படித்தபோது பழைய பாடப் புத்தகத்தில் ஏ.பி.சி. லினிமென்ட் என்று ஒன்று இருந்தது. அகோனைட், பெல்லடோனா, குளோரோஃபார்ம். அகோனைட் என்றால் இதே கிழங்குதான். வலிக்கு மேலே தடவலாம், உள்ளே போனால் உயிர் போகும். இதெல்லாம் ஒரு நாவலாசிரியருக்கு எப்படித் தெரிந்தது என்று தேடிப் பார்த்தேன். எல்லிஸ் பீட்டர்ஸ் என்பது புனைபெயர். எல்லிஸ் என்பது அவருடைய அண்ணன் பெயராம். எழுதியவர் ஈடித் பார்ஜெட்டர் என்ற பெண்மணி. 1913-ல் ஷ்ரூஸ்பரி இருக்கும் ஷ்ராப்ஷயரிலேயே பிறந்தவர். கல்லூரிக்குப் போனதில்லை. 1933 முதல் 1940 வரை டாலி என்ற சிற்றூரில் ஒரு மருந்துக் கடையில் உதவியாளராக இருந்திருக்கிறார். சரி, அதுதான் விஷயம். மருந்து எடுத்துக் கொடுத்துப் பழகிய கை அது. அந்தக் கையின் பழக்கம் கட்வைலை வைத்து அவர் எழுதிய இருபது நாவலிலும் தெரிகிறது. இந்த விமர்சனத்தில் நான் சொல்ல வந்ததும் முக்கியமாக அதைப் பற்றித்தான்.

முதலில் விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். துறவியின் பெயரை ஆங்கிலத்தில் பார்த்தால் காட்ஃபேல் என்று படிக்கத் தோன்றும். அவர் வேல்ஸ் நாட்டுக்காரர். வெல்ஷ் மொழியில் எஃப் எழுத்துக்கு வி ஓசை. அதனால் கட்வைல். சிலுவைப் போரில் அந்தியோக்கியா வரை போய்ச் சண்டை போட்டு, கடலில் அலைந்து, நாற்பது வயதுக்கு மேல் மடத்தில் சேர்ந்தவர். கிழக்கில் கற்றுக்கொண்ட வைத்தியத்தையும், அங்கிருந்து கொண்டுவந்த கசகசாச் செடியையும் ஷ்ரூஸ்பரியில் வளர்க்கிறார். முதல் நாவல் 1977, கடைசி 1994. மொத்தம் இருபது நாவல்கள், தவிர மூன்று கதைகள் கொண்ட ஒரு சிறு தொகுப்பு. ஸ்டீபன் மன்னருக்கும் பேரரசி மோடுக்கும் நடந்த வாரிசுச் சண்டை எல்லாவற்றுக்கும் பின்னணி. நாவல்கள் அந்தச் சண்டையோடு வருடம் பிசகாமல் நகர்கின்றன, 1137-ல் தொடங்கி 1145 வரை. முதல் நாவல் வந்தபோது அவருக்கு 63 வயது. எனக்கு இப்போது 62. ஓய்வு பெற்ற பிறகு இனி என்ன என்று உட்கார்ந்திருந்த எனக்கு அந்த ஒரு தகவல் கொடுத்த தெம்பு கொஞ்சமல்ல.

புத்தகங்களைப் பழைய பிரதிகளாக ஆன்லைனில் வாங்கினேன். பதினேழு பழையது, ஒவ்வொன்றும் 120 ரூபாயிலிருந்து 200 ரூபாய்க்குள். மூன்று மட்டும் புதிதாக வாங்க வேண்டியிருந்தது, அவை விலை அதிகம். ஒன்பதாவது நாவலான 'டெட் மேன்ஸ் ரான்சம்' பிரதியில் நடுவே 16 பக்கம் இல்லை. விற்றவருக்கு எழுதினேன், இரண்டு மாதம் கழித்துப் பாதிப் பணம் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பதினாறு பக்கத்துக்காக இன்னொரு பிரதி வாங்கினேன். பழைய பதிப்புகளில் எழுத்து மிகப் பொடி. கண்ணாடி போட்டும் சாயங்கால வெளிச்சத்தில் படிக்க முடியவில்லை. காலையில் காபி குடித்துவிட்டு மாடிப்படிக்குக் கீழே நிழலில் உட்கார்ந்து படித்தேன். அக்னி நட்சத்திரத்தில் ஆரம்பித்து மார்கழியில் முடித்தேன். வேலூர் வெயிலில் உட்கார்ந்துகொண்டு ஷ்ரூஸ்பரி மடத்தில் பனி கொட்டுவதைப் படிக்க நன்றாகவே இருந்தது.

ஆங்கிலம் எளிதல்ல. வாக்கியங்கள் நீளம், பழைய சொற்கள் நிறைய. முதல் இரண்டு நாவல்களுக்கு அகராதி பக்கத்திலேயே இருந்தது. மூன்றாவதிலிருந்து அவர் நடை பிடிபட்டுவிட்டது. மூலிகைப் பெயர்களுக்கு மட்டும் நான் அகராதியைத் தேடவில்லை. கண் வலிக்கு ஒன்று, இருமலுக்கு ஒன்று, ஆறாத புண்ணுக்கு ஒன்று என்று குடிலின் உத்தரத்தில் காய்ந்த கொத்துகள் தொங்குகின்றன என்று எழுதியிருக்கிறார். எங்கள் கடையிலும் அப்படித்தான் தொங்கும். காற்றடித்தால் சரசரவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம்கூட நாவலில் இருக்கிறது.

முதல் நாவல் 'எ மார்பிட் டேஸ்ட் ஃபார் போன்ஸ்'. மடத்துக்குப் பெருமை சேர்க்க ஒரு புனிதரின் எலும்பு வேண்டும் என்று ராபர்ட் என்ற துணைத் தலைவருக்கு ஆசை. வேல்ஸில் ஒரு குக்கிராமத்தில் வினிஃப்ரெட் என்ற புனிதை அடக்கமாகியிருக்கிறாள். தோண்டி எடுத்து வரப் போகிறார்கள். ஊர்க்காரர்கள் தர மாட்டோம் என்கிறார்கள். மறுத்தவர்களில் பெரிய மனிதர் அம்பு பட்டுச் செத்துக் கிடக்கிறார். ராபர்ட் உண்மையில் வாழ்ந்தவர், 1138-ல் அந்த எலும்புகள் ஷ்ரூஸ்பரிக்கு வந்ததும் உண்மை.

நான் சத்துவாச்சாரியில் பிறந்து வளர்ந்தவள். வேலூர்க்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் பல தலைமுறையாக மூலவர் இல்லாமல் வெறும் கல்லாக நின்றது. லிங்கம் எங்கள் ஊர் ஜலகண்ட விநாயகர் கோயிலில் இருந்தது. 1981-ல் அதைக் கோட்டைக்குக் கொண்டுபோய் மறுபடி பிரதிஷ்டை செய்தார்கள். வேலூரே கோட்டைக்குள் திரண்டது. அப்பா கடையை அடைத்துவிட்டு எங்களையும் அழைத்துப் போனார். பாட்டி வரவில்லை. "சாமி அது வூட்டுக்குப் போச்சு, நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது எனக்கு அப்போது புரியவில்லை. அந்த வெல்ஷ் கிராமத்துக் கிழவர்கள், எங்கள் பெண்ணை எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று நிற்கும் இடத்தைப் படித்தபோது பாட்டி முகம் வந்தது. பார்ஜெட்டர் அந்தப் பேராசைக்காரத் துணைத் தலைவரைக்கூட மோசமானவராக எழுதவில்லை. அவருக்கும் பக்தி இருக்கிறது, அதோடு தன் பெயர் நிலைக்க வேண்டும் என்ற ஆசையும் கலந்திருக்கிறது. எது எங்கே முடிந்து எது தொடங்குகிறது என்று அவருக்கே தெரியாது. அப்படிப்பட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது நாவல் 'ஒன் கார்ப்ஸ் டூ மெனி'. 1138-ல் ஸ்டீபன் மன்னர் ஷ்ரூஸ்பரி கோட்டையைப் பிடித்து, எதிர்த்து நின்ற காவல் படையில் 94 பேரைத் தூக்கிலிட்டுவிடுகிறார். அவர்களைக் குளிப்பாட்டி அடக்கம் செய்யும் வேலை கட்வைலுக்கு வருகிறது. எண்ணிப் பார்க்கிறார், 95 இருக்கிறது. இன்னொரு முறை எண்ணுகிறார். 95. ஒருவன் தூக்கில் சாகவில்லை. யாரோ பின்னாலிருந்து மெல்லிய கயிற்றால் கழுத்தை நெரித்துக் கொன்று, பிணக் குவியலில் சேர்த்துவிட்டார்கள். இத்தனை பேர் செத்த இடத்தில் இன்னும் ஒருவனுக்காக விசாரிப்பானேன் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கட்வைல் விடவில்லை.

இந்த நாவலைப் படித்த வாரத்தில் ஒரு நாள் காலை வேலூர்க் கோட்டை அகழி ஓரமாக நடந்துபோனேன். 1806 ஜூலை 10-ஆம் தேதி சிப்பாய்க் கலகத்தை அடக்க ஆற்காட்டிலிருந்து குதிரைப் படை வந்த பிறகு, அந்தக் கோட்டைக்குள் சுமார் 350 சிப்பாய்கள் கொல்லப்பட்டதாகப் படித்திருக்கிறோம். அதில் நூறு பேர் வரை சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டவர்கள். மக்கான் பக்கம் நினைவுத் தூண் இருக்கிறது. பஸ்ஸில் ஆயிரம் முறை கடந்திருப்பேன். 350 என்பது பரீட்சைக்கு மனப்பாடம் செய்த எண். அவர்களைக் குளிப்பாட்டியது யார், எண்ணியது யார், எண்ணினார்களா என்று 62 வயது வரை எனக்குத் தோன்றியதே இல்லை. ஒரு பிணத்தின் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, இது வேறு என்று சொல்லும் ஒரு வயதான துறவி அதைத் தோன்ற வைத்துவிட்டார். எட்டு மாதப் படிப்பில் எனக்குக் கிடைத்ததில் இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

ஐந்தாவது நாவலைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். 'தி லெப்பர் ஆஃப் செயின்ட் ஜைல்ஸ்', 1981. ஊருக்கு வெளியே ஒரு தொழுநோயாளர் விடுதி. கட்வைல் சில வாரங்களுக்கு ஒருமுறை அங்கே போய்க் களிம்பும் தைலமும் தீர்ந்துபோன ஜாடிகளை நிரப்பி வைப்பார். எங்கள் பாஷையில் சொன்னால் வார்டு இன்டென்ட், அதாவது வார்டுக்குத் தேவையானதை மருந்தகத்தில் கேட்டு வாங்கும் பட்டியல். இந்த வாரம் எது தீர்ந்தது, எது மிச்சம் என்று அலமாரியைப் பார்த்தே நோயாளிகள் நிலைமை எப்படி என்று அவர் கணிக்கிறார். மருந்தகத்தில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும், அது எவ்வளவு உண்மை என்று. கட்டுப்போடும் பஞ்சு ஒரு வார்டிலிருந்து இரண்டு மடங்கு கேட்டு வந்தால் நாங்கள் போன் போட்டு என்னவென்று கேட்போம்.

ஒரு பணக்காரப் பிரபு, தன் வயதில் பாதிகூட இல்லாத பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள ஊர்வலமாக வருகிறான். வேடிக்கை பார்க்க விடுதிக்காரர்கள் சாலையோரம் வந்து நிற்கிறார்கள். வழியை விட்டு விலகுங்கள் என்று அவன் சாட்டையை வீசுகிறான். அடி ஒரு உயரமான முதியவர் மேல் விழுகிறது. முகத்தைத் துணியால் மூடியவர். அவர் யார் என்பதில்தான் கதையின் உயிர் இருக்கிறது, அதை நான் சொல்லக் கூடாது.

எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் தொழுநோயைப் பெருவியாதி என்பார்கள். அந்தச் சொல்லைச் சொன்னாலே குரல் இறங்கும், வசநாவிக்கு இறங்கியது போல. ஆனால் இதே வேலூரில்தான் 1940-களின் இறுதியில் டாக்டர் பால் பிராண்ட் சி.எம்.சி. மருத்துவமனையில், இந்த நோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண் மாற்றி வைத்து அறுவை செய்தார். விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அடிபட்டு அடிபட்டுத்தான் போகின்றன என்று காட்டினார். காட்பாடிக்கு அந்தப் பக்கம் கரிகிரி தொழுநோய் மருத்துவமனை 1955-ல் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த 1980-களில் கூட்டு மருந்துச் சிகிச்சை புதிதாக வந்திருந்தது. ஒரு அம்மா கீழ் ஆலத்தூர் பக்கத்திலிருந்து மாதம் ஒருமுறை மாத்திரை வாங்க வருவார். காசு கொடுக்கும்போது என் கையில் கொடுக்க மாட்டார், கவுன்டர் பலகையில் வைத்துவிட்டுக் கையை இழுத்துக்கொள்வார். ஒரு நாள் நான் கையை நீட்டியே நின்றேன். "வேணாம் கண்ணு" என்றார். "குடும்மா" என்றேன். கொடுத்தார். அவ்வளவுதான் நடந்தது. அந்த நாவலில் மார்க் என்ற இளம் துறவி, விடுதியில் இருக்கும் ஒரு சின்னப் பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் இடம் வந்தபோது அந்த அம்மாவின் உள்ளங்கை ஞாபகம் வந்தது. பார்ஜெட்டர் நோயாளிகளைப் பரிதாபமாக எழுதவில்லை. கோபம், கர்வம், ஆசை எல்லாம் உள்ள ஆட்களாக எழுதுகிறார். புண்ணைக் கழுவுவது எப்படி என்று மட்டும் நிதானமாக எழுதுகிறார்.

குறைகளும் இருக்கின்றன. ஏறக்குறைய எல்லா நாவலிலும் ஒரு இளம் ஜோடி உண்டு. பையன் மேல் பழி விழும், பெண் அவனை நம்புவாள், கடைசியில் கல்யாணம். ஐந்தாறு படித்த பிறகு அழகான முகமும் நேரான பேச்சும் உள்ளவன் கொலைகாரன் இல்லை என்று தெரிந்துவிடும். துப்பறியும் புதிருக்காக மட்டும் படிப்பவர்கள் பாதியிலேயே விட்டுவிடக்கூடும். பிற்பகுதி நாவல்களில் வாரிசுச் சண்டை விவரம் கூடிப்போய்க் கதை நகர மறுக்கிறது. பதினெட்டாவதை நான் இரண்டு முறை கீழே வைத்தேன்.

இன்னொன்று, இது ரசனை சம்பந்தப்பட்டதல்ல. ஒரு நாவலில் கட்வைல் கொலைகாரரைக் கண்டுபிடித்த பிறகு, மன்னரின் அதிகாரியான ஷெரீஃபிடம் ஒப்படைக்காமல் தானே ஒரு தண்டனை சொல்லி விட்டுவிடுகிறார். எது என்று சொல்லவில்லை. செத்தவன் நல்லவனில்லை, கொன்றவருக்கு வாழ்க்கை பாக்கி இருக்கிறது, எல்லாம் சரி. ஆனால் அதை முடிவு செய்ய இவர் யார்? விஷ அலமாரியின் சாவி ஒருவர் கையில் மட்டும் இருக்கக் கூடாது என்றுதான் எங்களுக்கு இரட்டைப் பூட்டு வைத்தார்கள். என் மகளிடம் இதைச் சொன்னபோது, "அம்மா, அதுதான் அந்தக் கதையிலேயே நல்ல இடம்" என்றாள். இரண்டு நாள் பேசினோம். எனக்கு இன்னும் சம்மதமில்லை.

அதற்கு நேர் எதிராகப் பதினைந்தாவது நாவல், 'தி கன்ஃபெஷன் ஆஃப் பிரதர் ஹலுயின்'. பனி மூடிய கூரையிலிருந்து விழுந்து சாகக் கிடக்கும் ஒரு துறவி, இளம் வயதில் கட்வைலின் குடிலில் உதவியாளாக இருந்தபோது அங்கிருந்து ஒரு மருந்தை ரகசியமாக எடுத்துப் போய்க் கொடுத்ததை ஒப்புக்கொள்கிறார். ஒரு பெண்ணின் கருவைக் கலைப்பதற்காக. 18 வருடம் அதைச் சுமந்திருக்கிறார். கேட்டதும் கட்வைல் முதலில் தன்னையே கேட்டுக்கொள்கிறார், என் கண் எதிரே எடுத்துப் போயிருக்கிறானே, எனக்கு ஏன் தெரியவில்லை என்று. மருந்துக் கடை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இந்த நாவலைப் படிக்க வேண்டும். இதில் கொலை கதைக்குப் பாதிக்கு மேல்தான் வருகிறது, வராவிட்டாலும் எனக்குக் குறையில்லை.

'தி ரோஸ் ரென்ட்' பற்றி ஒரு வார்த்தை. கணவனை இழந்த ஒரு பெண் தன் வீட்டை மடத்துக்கு எழுதிக் கொடுக்கிறாள். வருடத்துக்கு ஒரு வெள்ளை ரோஜாதான் வாடகை. என் சித்திக்குக் கொடுத்தேன். ஆங்கிலம் தடுக்கித் தடுக்கிப் படித்து, மூன்று வாரத்தில் முடித்துவிட்டு, அந்த ரோஜாச் செடி பிழைத்ததா என்பதை மட்டும் என்னிடம் மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

கட்வைல் தவிர அவர் நிறைய எழுதியிருக்கிறார். ஃபெல்ஸ் என்ற போலீஸ்காரர் குடும்பத்தை வைத்து 13 நாவல்கள். செக் மொழியிலிருந்து மொழிபெயர்ப்புகள். ஃபெல்ஸ் வரிசையில் 'டெத் டு தி லேண்ட்லார்ட்ஸ்' (1972) நம் தென்னிந்தியாவில் நடப்பது. தேக்கடி ஏரியில் படகு வெடிக்கும். ஆவலாக எடுத்தேன், சுமாராகத்தான் இருந்தது. மரியாதையோடுதான் எழுதியிருக்கிறார், ஆனால் நம் ஊரில் அவர் விருந்தாளி. ஷ்ரூஸ்பரியில் எந்தக் கதவு கிரீச்சிடும் என்பதுவரை அவருக்குத் தெரியும். அந்த மடத்துத் தேவாலயம் இன்றும் நிற்கிறது, பழைய மட வளாகத்தின் நடுவே இப்போது சாலை போகிறது. டெரக் ஜாகோபி நடித்து 1994 முதல் 1998 வரை தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. இரண்டு பகுதி பார்த்தேன். அவர் நன்றாக நடிக்கிறார். குடில் மட்டும் நான் மனதில் பார்த்ததைவிடச் சுத்தமாக இருந்தது, எனக்கு ஒட்டவில்லை.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு: முதல் நாவலை விட்டுவிட்டு இரண்டாவதில் தொடங்குங்கள், 95 பிணத்தில். அதில்தான் ஹியூ பெரிங்கார் வருகிறான். பிறகு ஷெரீஃபாகி, கட்வைலின் உற்ற நண்பனாகக் கடைசி வரை இருப்பவன். அடுத்து மங்க்ஸ் ஹூட், அடுத்து ஐந்தாவது. அப்புறம் முதலாவதற்குத் திரும்பலாம். ஆறாவதில் கட்வைலின் சொந்த வாழ்க்கை பற்றி ஒரு பெரிய விஷயம் வெளிவருகிறது, கடைசி நாவல் அதை நம்பித்தான் நிற்கிறது. அதனால் ஆறைப் படிக்காமல் இருபதைத் தொடாதீர்கள். பழைய பிரதி வாங்கினால் வந்த அன்றே பக்கங்களை எண்ணிவிடுங்கள்.

யாருக்காவது வேண்டுமென்றால் என் செட்டை இரவல் தருகிறேன், வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம். ஐந்தாவது மட்டும் இப்போது என்னிடம் இல்லை. கரிகிரியில் பல வருடம் நர்ஸாக இருந்த என் தோழி ஆடி மாதம் எடுத்துப் போனாள். பாதி படித்துவிட்டுப் போன் செய்து, "கட்டுப் போடுறத இவங்க யார்கிட்டடி கத்துக்கிட்டாங்க?" என்று கேட்டாள். இன்னும் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.